வயருக்கு வழி முதலில், சுவருக்குத் துளை பிறகு: வீட்டில் டிவி மாட்டும் முறை

சுவரில் டிவி நேராக, பளிச்சென்று நிற்கும். அதன் அடியில் மூன்று கறுப்பு வயர்கள் ஆலமர விழுதுகளைப் போலத் தொங்கும். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று செட்டாப் பாக்ஸுக்கு, மூன்றாவது எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எத்தனையோ வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. சோம்பல் அல்ல காரணம். வேலையின் வரிசை தலைகீழாகிவிடுகிறது. டிவி வந்து இறங்கியதும் கை துறுதுறுக்கிறது, முதலில் துளை போட்டு மாட்டிவிடுகிறோம். வயரை என்ன செய்வது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது. அப்போது பதில் சொல்லச் சுவரில் இடம் இருப்பதில்லை.

ஆகவே இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். இடம், சுவர், தாங்கி (டிவியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் சட்டகம்), வயர் போகும் பாதை ஆகிய நான்கும் காகிதத்தில் முடிவான பிறகே தாங்கிக்கான துளைகளைப் போடப் போகிறோம். படிப்பவர் இதற்குமுன் ஒரு ஆணிக்கு மேல் சுவரில் எதையும் அடித்ததில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

எந்த உயரத்தில்?

பெரும்பாலோர் டிவியை உயரமாக மாட்டிவிடுகிறார்கள். நின்றுகொண்டே அளவெடுப்பதால் வரும் கோளாறு இது. டிவி பார்ப்பது உட்கார்ந்துதானே? வழக்கமாக உட்காரும் இருக்கையில் சாய்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 100 முதல் 110 செ.மீ.க்குள் வரும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்திலோ கொஞ்சம் மேலேயோ இருந்தால் கழுத்து நன்றி சொல்லும். படுத்துக்கொண்டு பார்க்கும் அறையாக இருந்தால் மட்டும் உயர்த்திவிட்டுச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்கலாம்.

16:9 விகிதமுள்ள 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. 43 அங்குலம் என்றால் 95-க்கு 53.5. 65 அங்குலம் 144-க்கு 81. இந்த அளவில் பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஒரு செவ்வகம் செய்து, சுவரில் டேப்பால் ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருங்கள். கதவு திறந்தால் இடிக்கிறதா, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேரே அதன்மேல் விழுகிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு சுவரில் எட்டுத் துளைகளை மறைக்க வழி தேடுகிறார்கள்.

சுவர் என்ன சுவர்?

டிவியைத் தாங்குவது தாங்கி அல்ல, சுவர். அதிலும் சுவரின் பூச்சு அல்ல, பூச்சுக்குப் பின்னால் இருக்கும் பொருள். இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் அவமானகரமான வழியில். முதன்முதலில் மாட்டிய டிவிக்கு, தாங்கியோடு பெட்டியில் வந்த சிறிய பிளக்குகளையே (சுவர்த் துளைக்குள் போய்த் திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைகள்) பயன்படுத்தினேன். பத்து நாள் கழித்துத் தூசு தட்டும்போது பார்த்தால், தாங்கியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்த இடத்தில் பூச்சு இரண்டு விரல் கனத்துக்கு இருந்தது. பிளக் முழுவதும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, செங்கல்லை எட்டவே இல்லை.

எனவே முதலில் ஒரு சோதனைத் துளை. டிவிக்குப் பின்னால் மறையப்போகும் இடத்தில், 6 மி.மீ. பிட்டால் (மெஷினில் பொருத்தும் துளையிடும் முனை), மெதுவாகப் போடுங்கள்; 'துளை போடும் நாள்' பகுதியில் பின்னால் சொல்லும் எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். கண்ணைத் துளையில் வைக்காமல் கீழே விழும் தூளில் வையுங்கள். முதலில் வருவது வெள்ளையோ சாம்பலோ ஆன பூச்சுத் தூள். அது நின்று சிவப்புத் தூள் வரத் தொடங்கினால் செங்கல். அந்த இடத்தில் நிறுத்தி, பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் பூச்சின் கனம் கிடைத்துவிடும். தூள் சாம்பலாகவே இருந்து, மெஷின் திணறி, சத்தம் கூர்மையானால் கான்கிரீட். சில சென்டிமீட்டர் கடினமாகப் போய்ச் சட்டென்று வெறுமைக்குள் விழுந்தால் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே கூடான சிமென்ட் கல். சாக்பீஸ் தூள் போல மெத்தென்று வந்துகொண்டே இருந்தால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கல். ஒரு சென்டிமீட்டர் சொச்சத்திலேயே மறுபுறம் காற்று என்றால் ஜிப்சம் போர்டு, அதாவது சட்டங்களின்மேல் அடித்த மெல்லிய பலகைச் சுவர்.

செங்கல் சுவருக்கு 10 மி.மீ. நைலான் பிளக்கும் அதற்கேற்ற கனமான திருகும் போதும். ஆனால் பிளக்கின் 5 செ.மீ.யாவது செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். பூச்சு 2 செ.மீ. என்றால் துளையின் ஆழம் 7 செ.மீ.யைத் தாண்டும், திருகும் அதற்கேற்ப நீளமாக வேண்டும். கான்கிரீட்டுக்கு ஆங்கர் போல்ட் சிறந்தது. நட்டை முறுக்க முறுக்க அது உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். அதே போல்ட்டைச் செங்கல்லில் போட்டால் அந்த விரிசக்தியே செங்கல்லைப் பிளந்துவிடும். 'பெரிய போல்ட்தான் பலம்' என்று நினைப்பவர்கள் செய்யும் தவறு இது. ஹாலோ பிளாக்குக்கு வலைக்குழாயோடு கூடிய கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை செலுத்திப் போல்ட்டை இறுகவைப்பது) வேண்டும். பசை அந்த வலை வழியே பிதுங்கி, வெற்றிடத்துக்குள் முடிச்சுப் போல இறுகும். ஏஏசி பிளாக்குக்கென்றே விற்கும் பிளக்குகள் உண்டு. அதில் துளை போடும்போது ஹேமர் இயக்கத்தை (பிட் சுழன்றுகொண்டே சுவரை இடிக்கும் இயக்கம்) நிறுத்திவிட்டு வெறுமனே சுழலவிட வேண்டும், இல்லாவிட்டால் துளை அகன்று பொக்கையாகிவிடும்.

ஜிப்சம் போர்டு தனி வகை. அந்தப் போர்டு எதையும் தாங்காது, உள்ளே நிற்கும் சட்டங்கள்தாம் தாங்க வேண்டும். இவை வழக்கமாக 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் செங்குத்தாக நிற்கும். நூலில் கட்டிய சிறிய காந்தத்தைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினால், போர்டைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் திருகுகளில் அது போய் ஒட்டும். அந்த ஒட்டல்கள் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்தால் சட்டம் அங்கேதான். மரச்சட்டமாக இருந்தால், மெல்லிய ஆணியால் அதன் இரு ஓரங்களையும் குத்திக் கண்டுபிடித்து, நடுவில் திருகைச் செலுத்துங்கள். ஓரத்தில் ஏறிய திருகு மரத்தைப் பிளக்கும். சட்டம் வேண்டிய இடத்தில் இல்லை என்றால், 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை இரண்டு மூன்று சட்டங்களின்மேல் குறுக்காக முடுக்கி, அதன்மேல் தாங்கியைப் பொருத்தலாம். மெல்லிய தகரச் சட்டமாக இருந்தால், கை போல நீண்டு டிவியை வெளியே இழுக்கவிடும் கைவகைத் தாங்கியை மறந்துவிடுங்கள்.

தாங்கி: ஒரு சிறிய கணக்கு

கடையில் வால் மவுண்ட் என்று கேட்டால் மூன்று வகை காட்டுவார்கள். சுவரோடு ஒட்டி நிற்பது ஒன்று, மேலும் கீழும் சாய்வது ஒன்று, கை நீட்டி வெளியே வந்து பக்கவாட்டில் திரும்புவது ஒன்று. மூன்றாவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். வாங்குவதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டிவியின் எடை 20 கிலோ. தாங்கியின் சுவர்த்தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 20 செ.மீ. டிவி சுவரோடு ஒட்டியிருந்தால் அதன் எடைமையம் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கும். மேல் போல்ட்டுகளை வெளியே பிடுங்கும் விசை: 20 × 5 ÷ 20, அதாவது 5 கிலோ. பொருட்படுத்தத் தேவையில்லை. இப்போது கையை 50 செ.மீ. வெளியே இழுங்கள். 20 × 50 ÷ 20 என்றால் 50 கிலோ. டிவி அதேதான், சுவர் அதேதான், பிடுங்கும் விசை பத்து மடங்கு. இதற்குமேல் யாராவது திரையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பும்போது விழும் அழுத்தம் வேறு. கைவகைத் தாங்கி பெரும்பாலும் மேலே இரண்டு, மூன்று போல்ட்டுகளை நம்பியே நிற்கிறது. கான்கிரீட்டிலோ உறுதியான செங்கல்லிலோ பரவாயில்லை, மற்றச் சுவர்களில் இரண்டு முறை யோசிக்க வேண்டும். உட்காரும் இடம் மாறாத வீட்டில் சாயும் வகையே போதும் என்பது என் கட்சி. அது பின்பக்கம் கைவிட்டு வயர் செருகவும் இடம் தருகிறது. முழுக்க ஒட்டும் வகை பார்க்க அழகு, ஆனால் ஒரு பென்டிரைவ் செருகக்கூட டிவியைக் கழற்ற வேண்டி வரும்.

டிவியின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை மி.மீ.யில் சொல்வதுதான் வெசா அளவு: 200 × 200, 400 × 400 என்பது போல. முதல் எண் அகலவாட்டில், இரண்டாவது உயரவாட்டில். ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து, எடையையும் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தாங்கியின்மேல் எழுதியிருக்கும் எடைவரம்பு உங்கள் டிவியின் எடையைப் போல இரு மடங்காவது இருக்கட்டும்.

வயருக்கு வழி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். டிவிக்கு என்னென்ன வயர்கள் வரப்போகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம், செட்டாப் பாக்ஸ், ஒலிப்பெட்டி, இணைய வயர், நாளைக்கு வாங்கப்போகும் ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்றை' மறக்காதீர்கள். இன்றைக்கு மூன்று வயர் என்றால் ஐந்துக்கு இடம் விடுங்கள்.

மின்வயரைப் பற்றி முதலில். டிவியோடு வரும் வளையும் மின்வயரைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. அது திறந்த வெளியில் கிடக்கச் செய்யப்பட்டது. உள்ளே அது நசுங்கினாலும் சூடேறினாலும் யாருக்கும் தெரியாது. பல இடங்களில் விதிப்படியும் தவறு. சரியான வழி, டிவிக்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயின்ட் வைப்பதுதான். எர்த் உள்ள அந்தப் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனே போடட்டும். அதைத் தாங்கியின் தகடு வரும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். தகட்டுக்குப் பக்கவாட்டில், டிவியின் விளிம்புக்கு உள்ளே, குழிவான பெட்டியாக அமைந்தால் பிளக்கின் தலை டிவியின் முதுகில் முட்டாது. சுவரோடு ஒட்டும் தாங்கியில் பின்னால் கிடைக்கும் இடம் சில சமயம் 3 செ.மீ.தான். தடித்த அடாப்டர் உள்ள டிவியாக இருந்தால் இதை முன்பே அளக்காவிட்டால் மாட்டிய நாளன்றே தலைவலி.

மற்ற வயர்களுக்கு இரண்டு வழிகள். வாடகை வீடென்றாலோ சுவரை வெட்ட மனம் இல்லை என்றாலோ, பிவிசி கேசிங்கைச் சுவரின்மேல் ஒட்டி அதற்குள் வயர்களைப் படுக்கவைத்து மூடிவிடலாம். இதை மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். டிவியின் நடுக்கோட்டில் செங்குத்தாக ஒரே ஒரு கேசிங், சுவரின் நிறத்திலேயே அதற்கும் வண்ணம்; இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. ஒட்டுமுன் சுவரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசின்மேல் ஒட்டியது மறுவாரம் உரிந்துவிடும். பசைப்பட்டையை மட்டும் நம்பாமல் மேலும் கீழும் ஒரு சிறு திருகு கொடுங்கள்.

சொந்த வீடு, சுவரை வெட்டத் தயார் என்றால் காடி (சுவரில் வெட்டும் நீளப் பள்ளம்) எடுத்துப் பைப் பதிக்கலாம். காடி எப்போதும் செங்குத்தாக இருக்கட்டும். செங்குத்துக் காடியின் ஆழம் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடைமட்டமாக எடுத்தே தீர வேண்டும் என்றால் ஆறில் ஒரு பங்கு. சுமை தாங்கும் சுவரில் கிடைமட்ட வெட்டு, கத்தியால் பழத்தைச் சுற்றிக் கீறுவது போல, அதன் பலத்தையே குறைக்கும். கான்கிரீட் தூணிலும் பீமிலும் காடி எடுக்கவே கூடாது.

பைப்பின் அளவில்தான் என் இரண்டாவது அசட்டுத்தனம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 20 மி.மீ. பைப்பையே பதித்து, பூசி, வண்ணமும் அடித்த பிறகு எச்டிஎம்ஐ கேபிளை (படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் வயர்) நுழைக்கப் போனேன். கேபிள் மெல்லியதுதான்; அதன் தலை ஏறத்தாழ 2 செ.மீ. அகலம். பைப்பின் வாயிலேயே நின்றுவிட்டது. தலையைச் சுரண்டிப் பார்த்தேன், சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மைத்துனர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பூசியதை மறுபடி உடைத்தோம். ஆகவே 40 மி.மீ., முடிந்தால் 50 மி.மீ. பைப். திரும்பும் இடத்தில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், அகலமாக வளையும் பெண்ட் போடுங்கள். பைப்பைப் பதிக்கும்போதே உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரு முனைகளையும் முடிச்சிட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை கேபிளை இழுக்கும்போதும் கூடவே புதுக் கயிறு ஒன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டால், கயிறு எப்போதும் உள்ளே இருக்கும்.

மின்சாரத்துக்குத் தனிப் பைப், மற்றவற்றுக்குத் தனிப் பைப். இரண்டையும் ஒன்றில் திணிக்காதீர்கள். மின்வயரின் உறை எங்காவது உரிந்தால், அந்த மின்சாரம் எச்டிஎம்ஐ வழியாக உங்கள் கைக்கே வரக்கூடும். ஆன்டெனா வயரில் இரைச்சல் வருவது இரண்டாவது காரணம்.

எச்டிஎம்ஐ கேபிளைப் புதைப்பதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு, டிவியோடும் செட்டாப் பாக்ஸோடும் இணைத்து அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சாதாரணச் செம்புக் கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் 4கே படத்தில் திரை விட்டுவிட்டுக் கறுக்கலாம். அதைவிட நீளம் வேண்டும் என்றால் ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் டிவிப் பக்கம் என்றும் மறுமுனையில் பெட்டிப் பக்கம் என்றும் குறித்திருக்கும். மாற்றி நுழைத்தால் படமே வராது. ஒலிப்பெட்டிக்கு எச்டிஎம்ஐ வயர் போகிறது என்றால், டிவியில் ஏஆர்சி என்று குறித்த (ஒலியை வெளியே அனுப்பும்) துளையிலிருந்துதான் அது போக வேண்டும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் காகிதத் துண்டு ஒட்டிப் பெயர் எழுதுங்கள். 'மூன்றாவது எதற்கு' என்ற கேள்வி இனி எழாது.

துளை போடும் நாள்

பாதை தயாராகிவிட்டது. இனி அளவு. 55 அங்குல டிவியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.யில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிவியின் கீழ்விளிம்பிலிருந்து முதுகின் மேல் துளைவரை அளக்கிறீர்கள்: 43 செ.மீ. அந்தத் துளைக்குமேல் தாங்கியின் கொக்கி 4 செ.மீ. உயரத்தில் பிடிக்கிறது. 75 + 43 + 4 = 122. சுவர்த்தகட்டின் மேல்விளிம்பு 122 செ.மீ.யில் வர வேண்டும். டிவியின் துளைகள் முதுகின் நட்டநடுவில் இருக்கும் என்று நம்பி இந்தக் கூட்டலைத் தவிர்ப்பவர்களுக்கு 10 செ.மீ. பிசகுவது சாதாரணம். பல டிவிகளில் அவை கீழே தள்ளியே இருக்கின்றன.

மெஷினை இயக்குமுன், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டிலிருந்தும் பிளக் பாயின்ட்டிலிருந்தும் வயர்கள் பொதுவாக நேர் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோதான் போகும். அந்தக் கோடுகளில் துளை வேண்டாம். சுவரின் மறுபுறம் குளியலறையோ சமையலறையோ என்றால் தண்ணீர்க் குழாயையும் கணக்கில் எடுங்கள். வயர் தேடும் சிறு கருவி கிடைத்தால் அதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அந்த அறையின் எம்சிபியை (மின்பெட்டியில் அந்த அறைக்கான பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டு, வேறொரு அறையிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் எடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். செங்கல், கான்கிரீட் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

தகட்டைச் சுவரில் வைத்து ரசமட்டம் பிடியுங்கள். எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் குறித்து வரிசையாகப் போட்டுத்தள்ள ஆசை வரும். வேண்டாம். மேல்வரிசையில் ஒரே ஒரு துளை போட்டு, தகட்டை ஒரு திருகில் தொங்கவிடுங்கள். இப்போது ரசமட்டத்தைத் தகட்டின்மேல் வைத்து, குமிழி இரு கோடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கும்வரை மெல்ல அசைத்து, மறுமுனையைப் பென்சிலால் குறியுங்கள். முதல் துளை ஒரு மி.மீ. நகர்ந்திருந்தாலும் இதில் சரிசெய்துகொள்ளலாம்.

துளை போடும் விதம் இது. குறித்த புள்ளியில் ஒரு ஆணியை வைத்து லேசாகத் தட்டிச் சிறு பள்ளம் செய்யுங்கள், பிட் வழுக்காது. முதலில் 6 மி.மீ. பிட், பிறகு 10 மி.மீ. ஆழம் தெரிய பிட்டின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். பூச்சைக் கடக்கும்வரை ஹேமர் இல்லாமல், மெதுவாக. இல்லாவிட்டால் பூச்சு வட்டமாகப் பெயர்ந்து விழும். செங்கல் தட்டுப்பட்டதும் ஹேமர். மெஷினைச் சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்து, நடுநடுவே சுழல்வதை நிறுத்தாமலே வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று வேக்குவம் கிளீனரின் வாயைத் துளைக்குக் கீழே பிடித்தால் தரை தப்பிக்கும்.

பிட்டை எடுத்த பிறகு துளைக்குள் இருக்கும் தூளை அகற்றாமல் யாரும் பிளக்கை அடிக்காதீர்கள். பழைய பல்துலக்கியால் உள்ளே தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து ஊத வேண்டும். ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தூள் இருந்தால் பிளக் செங்கல்லைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும். சரியான துளையில் பிளக் கைவிரலால் பாதி போகும், மீதிக்குச் சுத்தியலால் நாலு தட்டு. விரலாலேயே முழுதும் போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள்; அடித்தும் ஏறாமல் மடங்கினால் சிறியது அல்லது ஆழம் போதவில்லை. இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்துக் கோட்டில் துளை விழுந்துவிட்டால் தூள் சாம்பலாக, தளர்வாக வரும். சில செ.மீ. நகர்ந்து வேறு துளை போடுவதே நல்லது. அகன்றுபோன துளையில் தீக்குச்சி செருகுவது, மரக்கட்டை அடிப்பது எல்லாம் காலண்டர் மாட்டச் சரி. மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, ஒருநாள் கழன்றுவிடும். நகர இடமில்லை என்றால் கெமிக்கல் ஆங்கர்.

எல்லாத் திருகுகளையும் பாதி ஏற்றி, ரசமட்டத்தை மறுபடி பார்த்து, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். வாஷர் சுவர்த்தகட்டில் அழுந்தியதும் நிறுத்துங்கள். அதற்குமேல் முறுக்கினால் பிளக்கே உள்ளே சுழலத் தொடங்கும். முடிந்ததும் தகட்டின் மேல்விளிம்பை இரு கைகளாலும் பிடித்து உங்களை நோக்கி பலமாக இழுத்துப் பாருங்கள். ஒரு மி.மீ. அசைந்தாலும் டிவியைத் தொடாதீர்கள். கழற்றிக் காரணம் கண்டுபிடியுங்கள்.

டிவியின் முதுகு

தரையில் மெத்தையோ கனமான போர்வையோ விரித்து, திரை முழுவதும் சமமாகப் படும்படி டிவியைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் ரிமோட், திருகு, சாவிக்கொத்து எதுவும் கிடக்கக் கூடாது.

தாங்கியோடு வரும் திருகுப்பொட்டலத்தில் பல அளவுகள் இருக்கும். பெரிய டிவிகளுக்குப் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8, சிறியவற்றுக்கு எம்4; அந்த எண் திருகின் தடிமன், மி.மீ.யில். தடிமன் சரியாக இருந்தாலும் நீளம் ஏமாற்றும். நீளமான திருகு உள்ளே இருக்கும் பலகையையோ திரையையோ குத்திவிடும். ஒரு ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் 16 மி.மீ., தாங்கிப் பட்டையின் கனம் 2, வாஷர் 1.5 என்றால் மொத்தம் 19.5. 20 மி.மீ. திருகு அடியில் முட்டும், 16 மி.மீ. திருகு சரி. திருகைக் கையாலேயே ஏற்றுங்கள், மின்சார ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஐந்தாறு சுற்றாவது தடையின்றி ஏறி, பிறகு பட்டை அழுந்தி நிற்க வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். முதுகு சமதளமாக இல்லாமல் துளைகள் குழிக்குள் இருந்தால், பொட்டலத்திலுள்ள பிளாஸ்டிக் குழல்களை இடையில் கொடுத்து, அதற்கேற்ப நீளமான திருகு எடுக்க வேண்டும்.

தூக்கி மாட்டுதல்

இதற்கு இரண்டு பேர், 65 அங்குலத்துக்கு மேல் மூன்று பேர். தூக்கும்போது கை விளிம்புகளில் இருக்கட்டும், கட்டைவிரல் திரையை அழுத்தக் கூடாது. மூன்றாமவர் பக்கவாட்டில் நின்று கொக்கிகள் தகட்டில் உட்காருகின்றனவா என்று பார்த்துச் சொல்வது பெரிய உதவி. 'உட்கார்ந்துவிட்டது' என்று இரு பக்கமும் கேட்ட பிறகே கையை மெல்ல விடுங்கள். கீழேயுள்ள பூட்டுத் திருகையோ கயிற்றுப் பூட்டையோ மறக்காதீர்கள். தூசு தட்டும்போது டிவி மேல்நோக்கி எழும்பிக் கழன்றுவிடாமல் காப்பது அதுதான்.

பின்பக்கம் கை நுழையாத தாங்கி என்றால், வயர்களை மாட்டுவதற்கு முன்பே டிவியில் செருகிவிட வேண்டும். டிவியைத் தகட்டுக்கு முன்னால் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டே மற்றவர் செருகுவது முதுகுவலிக்கு அழைப்பு. உயரம் சரியான ஒரு மேசையைத் தகட்டின் கீழே போட்டு, அதன்மேல் போர்வை விரித்து, டிவியை நிறுத்திவைத்துக்கொண்டு நிதானமாகச் செருகுங்கள். டிவிப் பக்கம் ஒவ்வொரு வயரிலும் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும். கைவகைத் தாங்கி என்றால், கையை முழுதும் நீட்டி, இரு பக்கமும் திருப்பி, அந்த நிலையிலும் வயர் விறைக்காத அளவுக்கு மிச்சம் வேண்டும். அதைக் கையோடு சேர்த்துப் பட்டையால் கட்டுங்கள், ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள். வயரைக் கூர்மையாக மடித்து டிவிக்கும் சுவருக்கும் இடையே நசுக்கினால், எச்டிஎம்ஐ துளையே நாளடைவில் தளர்ந்துவிடும். இடம் குறைவு என்றால் வளைந்த முனை உள்ள கேபிள் உண்டு. மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என்று இரண்டு வகை இருப்பதால், உங்கள் டிவியின் துளை எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரத்தைத் திறந்து, எல்லா இணைப்பிலும் படமும் ஒலியும் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கேசிங் மூடியை அழுத்தி மூடுவதும், காடியின்மேல் கடைசிப் பூச்சு கொடுப்பதும். ஒரு வாரம் கழித்து, தகட்டின் மேல்விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த விசிட்டிங் கார்டு நுழையவே கூடாது. ரசமட்டத்தையும் இன்னொரு முறை வைத்துப் பார்த்து, பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் தாங்கியிலுள்ள சரிசெய்யும் திருகால் நேராக்குங்கள்.

மிஞ்சிய திருகுகளையும் ஆலன் கீயையும் ஒரு உறையில் போட்டு டிவியின் முதுகிலேயே, காற்றுத் துளைகளை மறைக்காமல், ஒட்டிவிடுங்கள். வீடு மாறும் நாளில் வீட்டையே புரட்டித் தேட வேண்டியிருக்காது. காடியை மூடும் முன், பக்கத்தில் அளவு நாடாவை விரித்துவைத்துப் பைப் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த முறை அதே சுவரில் ஒரு படம் மாட்ட ஆணி எடுக்கும்போது, அந்தப் புகைப்படத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சுத்தியலை ஓங்குங்கள்.